நெற்றி, கழுத்து, வயிறு, பாதம்

வடிவு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எதிரே, வாசல்படிக்கு உள்பக்கம், கோமதி நெற்றியில் விழுந்த மயிரை ஒரு கையால் ஒதுக்கியபடி முகத்தை நிமிர்த்தி நின்றாள். தினமும் நிற்கிற நிலைதான். நெற்றி ஆனதும் கழுத்தைச் சாய்ப்பாள், பிறகு சட்டையை விலக்கி வயிறு, பிறகு ஒரு பாதம், மறு பாதம். அம்மா தொட வேண்டும். தொட்டு முடித்ததும், "சுடுதாம்மா?" என்பாள். சுடல என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் படியைத் தாண்டுவாள். ஆறு வயசுப் பிள்ளை. இன்றைக்குத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேசவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம், அழும், கத்தும், தரையில் விழுந்து புரளும், நீங்கள் பாட்டுக்கு நில்லுங்கள், அப்புறம் கூட்டிக்கொண்டு வாருங்கள், எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு மாத்திரை ஆரம்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்றார். அதனால் வடிவு ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். மாடியில் இருக்கும் ராசாத்தி அக்காவிடம், பிள்ளை கத்தினாலும் இறங்கி வராதீங்க என்று சொல்லிவைத்திருந்தாள். பிள்ளை கத்தவில்லை. ஒதுக்கிய மயிரைப் பிடித்தபடியே அம்மாவின் முகத்தைப் பார்த்தது, முதுகுக்குப் பின்னால் போன கைகளைத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது, மறுபடியும் முகத்தைப் பார்த்தது. பிறகு மயிரை விட்டுவிட்டது. "உனக்குச் சரியாப் போச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் படியைத் தாண்டி வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டது.

பூட்டைப் பூட்டும்போதும் வடிவுக்கு அந்தக் கேள்வியின் பொருள் வந்து சேரவில்லை. காதில் விழுந்தது, ஆனால் ஊசி ஏறின பிறகு வலி வர ஒரு கணம் பிடிக்குமே, அந்தக் கணத்துக்குள்ளேயே அவள் இருந்தாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். கேஸை மூடினோமா என்று தோன்றியது. மூடியாயிற்று, மூடும்போது திருகு கையில் உறுத்தியது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது நேற்றைய ஞாபகமாகவும் இருக்கலாம். சாவியை மறுபடி பூட்டில் நுழைத்துக்கொண்டே பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். கோமதி நடையின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்கு மேல் விரித்து, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்து, காத்திருக்கிறதற்கு வாகாகத் தன்னை அமைத்துக்கொண்டாயிற்று. வடிவு உள்ளே போவது என்று முடிவு செய்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டிருந்தாள். மேகம் கறுத்தால் துணி எடுக்கப் போகிறவர்கள் மாதிரி. எத்தனை நாளாக இப்படி உட்காருகிறாள்? அந்தப் படியில் பிள்ளை உட்கார்ந்திருப்பதை வடிவு தினமும் பார்த்திருக்கிறாள், ஆனால் அது தனக்காகக் காத்திருக்கிற உட்காரல் என்று இப்போதுதான் தெரிகிறது. அப்போது வலி ஏறியது. உனக்குச் சரியாப் போச்சாம்மா. எனக்கு. கை சாவியோடு அப்படியே நின்றது. கேஸைப் பார்க்க உள்ளே போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. "போயிட்டு வாம்மா, நான் இருக்கேன்," என்றாள் கோமதி, திரும்பிக்கூடப் பார்க்காமல், பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே.

ஜங்ஷன் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. "உள்ள போங்க, படியில என்ன கோலமா போடப் போறீய," என்று கண்டக்டர் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். வடிவு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கை என்று பெயர் வாங்கிய கை. தெற்கு பஜார் லேபில் பத்து வருஷமாக ரத்தம் எடுக்கிறாள், வடிவு எடுத்தால் வலிக்காது, வடிவு ஒட்டின சீட்டு மாறாது. ஊசியைக் கையில் எடுக்கும் முன் பேரு சொல்லுங்க என்று கேட்பாள், எடுத்த பிறகு குழாயைப் பார்த்துப் பேரை உரக்க வாசிப்பாள், பிறகு ஆளைப் பார்த்து மறுபடி கேட்பாள். மாசாமாசம் வருகிற ஒரு தாத்தா, "ஏ தாயி, நேத்து ராத்திரிக்குள்ள பேரையா மாத்தியிருக்கப் போறேன்?" என்று கேட்டு, காத்திருக்கிற எல்லோரையும் சிரிக்க வைப்பார். வடிவும் சிரிப்பாள், சிரித்துவிட்டு மறுபடி கேட்பாள். முதலாளி புதிதாகச் சேருகிற பெண்களிடம், அந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கிடுங்க என்பார். இரண்டு தடவை பார்ப்பது நல்லது, மூன்று தடவை பார்ப்பது இன்னும் நல்லது. அதில் என்ன நோய் இருக்கிறது. அங்கே அது நோய் இல்லை. அப்படியானால் எந்த இடத்தில், வீட்டுக்கு வருகிற வழியில் எந்தத் தெருமுனையில் அது வேறொன்றாகிறது? இல்லை, பிள்ளை ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டிருக்கும். டாக்டரிடம் போகிறோம், யாருக்கோ சரியாக வேண்டும் என்று அதன் காதில் விழுந்திருக்கும், அதை அம்மா மேல் போட்டுக் கேட்டிருக்கும். அவ்வளவுதான். ஆனால் எட்டிப் பார்த்ததே. கைகளைத் தலையை நீட்டி எட்டிப் பார்த்ததே. ரத்தம் எடுக்கும் முன் நரம்பு எங்கே ஓடுகிறது என்று வடிவு பார்க்கிற பார்வை அது.

மூன்றரை வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம். பாயில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, மேலே மின்விசிறி, வடிவு தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டே நடக்கிற வாக்கில் குனிந்து நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்து இருந்தது. காய்ச்சல் விட்டுட்டு என்று போனில் சொன்னாள், அந்த வாக்கியத்தைச் சொன்ன தன் குரல் இன்றும் கேட்கிறது, எவ்வளவு சாதாரணமான குரல். தேங்காய்த் துவையலுக்கு மிளகாய் எத்தனை என்பதுதான் அடுத்த பேச்சு. அது முடிவதற்குள் பிள்ளை வெட்டி வெட்டி இழுத்தது, கண் மேலே போயிற்று, உதடு நீலமாயிற்று. ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாகி, இது சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வருகிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னதெல்லாம் மனசில் நிற்கவில்லை. டிரிப் மாற்ற வந்த நர்ஸ், காத்துல நெத்தி ஆறியிருக்கும்கா, வயித்தைத் தொட்டுப் பாத்திருக்கணும் என்றாள், குறையாகக்கூடச் சொல்லவில்லை. அது நின்றது. அன்றிலிருந்து வயிறு. கழுத்து எப்போது சேர்ந்தது என்று தெரியவில்லை. பாதம், இதே மாதிரி ஒரு பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ, காய்ச்சல் ஏறும்போது உள்ளங்கால் ஜில்லுனு போகும் என்று இன்னொருத்தியிடம் சொன்னது. தனக்குச் சொன்னதுகூட இல்லை. இறங்குகிற வரையில் பிள்ளையின் காலைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள். இதெல்லாம் தாயாக இருப்பதன் பகுதி என்றுதான் இருந்தது. யார்தான் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவில்லை. டாக்டரிடம் அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. நெற்றியைக் காட்டுவா டாக்டர், அப்புறம் கழுத்து, இந்த வரிசை மாறக் கூடாது, நான் சுடலைன்னு சொன்னாத்தான் நகருவா. எல்லாம் உண்மை. எப்போதிருந்து என்றார். ஒரு வருஷமா என்றாள். அதுவும் உண்மை, பிள்ளை காட்ட ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் எத்தனை நாள் நீங்கள் தொட்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வடிவுக்கு அது கேள்வியாகப் பட்டிருக்காது.

"கோமு," என்றாள். "எனக்கு என்னட்டி சரியாப் போச்சான்னு கேட்டே?"

"பயம்," என்றாள் கோமதி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. "எருமை குளிக்கி, பாரு."

"என்ன பயம்?"

"நான் சுடுவேன்னு."

"அது நீதான கேப்பே, சுடுதாம்மான்னு?"

கோமதி திரும்பினாள். தெரிந்ததையே கேட்கிற பெரியவர்களுக்குப் பதில் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற பொறுமை வந்தது. "நான் கேட்டாத்தான நீ சுடலன்னு சொல்லுவே. நீ சொன்னாத்தான ஒனக்குக் கேக்கும்." பிறகு, இது போதாது என்று நினைத்தவள் போல, "தொடுத வரைக்கும் நீ மூச்சு விட மாட்டேல்லா. இப்படி," என்று கன்னத்தை உப்பி, கண்ணைப் பெரிதாக்கி, மூச்சை அடக்கிக் காட்டினாள். பிறகு தோளைத் தொங்கப்போட்டு விட்டாள். "அப்புறம் இப்படி." பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யம்மா, அப்படியே செஞ்சு காட்டுதாளே. வாலு."

வடிவும் சிரித்தாள், சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. "வரிசை எதுக்குட்டி? நெத்தி, கழுத்துன்னு?"

"நீ வரிசையாத் தொட மாட்டே. வயித்தைத் தொட்டுட்டு, கழுத்தைத் தொட்டோமான்னு மறந்துருவே. திரும்ப மொதல்லருந்து தொடுவே. ஸ்கூல் பஸ் போயிரும். போன வருஷம் போயிட்டுல்லா, சாமுவேல் அண்ணன் ஹாரன் அடிச்சுட்டுப் போயிட்டாங்கல்லா. அதான் நானே வரிசையாக் காட்டுதேன். சீக்கிரம் முடிஞ்சுரும்."

எருமைகள் பின்னால் போயின. வடிவுக்குக் கேட்க இருந்தது ஒன்றுதான், அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம், ஆனால் நாக்கு கேட்டுவிட்டது. சங்கரன்கோவில் கல்யாண வீட்டில் அன்றைக்கு எதற்கு அப்படி அழுதாய் என்றாள். டாக்டரிடம் வடிவு முதலில் சொன்னது அதைத்தான். பந்திக்கு நேரமாகிவிட்டது என்று, அவள் தொட்டு முடிக்கும் முன்பே புருஷன் குமரகுரு கோமதியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மண்டப வாசலைத் தாண்டியதும், பிள்ளை வில்லாக வளைந்து கத்தி, சட்டையெல்லாம் வாந்தியெடுத்து, சொந்தக்காரர்கள் கூடி வேடிக்கை பார்த்தது. கோமதி யோசிக்கவே இல்லை. "நீ கீழ விழப் போனே. அப்பா அங்கிட்டுப் பாத்து நின்னாங்க. அப்பாக்குத் தெரியல." ஆமாம். வடிவு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்ணாம்பு அடித்த தூண், கையெல்லாம் வெள்ளை ஒட்டிக்கொண்டது, கண்ணுக்கு முன் பூச்சி பறந்தது, வெயில் என்று நினைத்தாள். அப்பாவின் தோளிலிருந்து பிள்ளை திரும்பிக் கத்திக்கொண்டிருந்தது அவளைப் பார்த்து. கையை நீட்டியது அவளைப் பார்த்து. தன்னைத் தூக்கச் சொல்லுகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். வடிவும்தான்.

ஜங்ஷனில் இறங்கி நடக்கும்போது பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, இடம் மாறி உட்கார்ந்தன. போன வாரம், இப்போது போகிற இதே ஆஸ்பத்திரியில், சோதனை செய்கிற ரெபேக்கா என்ற இளம்பெண் கோமதிக்கு அட்டைகள் கொடுத்து விளையாட்டு மாதிரி ஒரு பரிசோதனை செய்தாள். நிறப்படி பிரி என்றாள், பிரித்தது. நடுவில் சட்டென்று, இனி நிறம் வேண்டாம், வடிவத்தை வைத்துப் பிரி என்றாள். கோமதி ஒரு அட்டைகூடத் தவறவில்லை. முடித்துவிட்டு, இன்னொரு மாதிரியும் பிரிக்கலாம் அக்கா என்று, மூலை அழுக்கானவற்றை ஒரு பக்கமும் அழுக்காகாதவற்றை ஒரு பக்கமும் அடுக்கினாள். ரெபேக்கா சிரித்துவிட்டாள். பிறகு வடிவிடம் தயங்கித் தயங்கி, "ஒரே சடங்கை விடாமச் செய்யுத பிள்ளைங்களுக்கு இப்படி மாத்தி யோசிக்கிறதுலதான் தடுமாத்தம் இருக்கும்னு எதிர்பாப்போம் மேடம். இவ சட்டுனு மாத்திக்கிடுதா. நீங்க சொல்லுததும் இவ செய்யுததும் ஒத்து வரல," என்றாள். நேற்றுப் படிப்பு முடித்து வந்தவளுக்கு என்ன தெரியும் என்று வடிவு பஸ்ஸில் புகைந்துகொண்டே போனாள். பள்ளிக்கூடத்து ஹெப்சிபா மிஸ் விஷயம் மட்டும் என்ன. வகுப்புக்குள் நுழையும் முன் அந்த மிஸ்ஸிடம் போய் நெற்றியையும் கழுத்தையும் காட்டுகிறாள், மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் ஒன்றாம் வகுப்புக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது அதனால்தான். பெரிய மிஸ்ஸிடம் காட்டவில்லை, பாட்டு மிஸ்ஸிடம் காட்டவில்லை, ஏன் ஹெப்சிபா மிஸ்ஸிடம் மட்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் அந்த வருஷம்தான் வேலைக்கு வந்தவள். பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தபோது அவள் கை ஆடியதை வடிவே பார்த்தாள், பாவம் என்று நினைத்தாள், அதோடு விட்டாள். பிள்ளை விடவில்லை. தனக்குத் தெரிந்த மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. ஐயோ என்று வாய்க்குள் சொன்னாள். எதிரே வந்த பூக்காரி, "என்னக்கா?" என்றாள். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினாள்.

மாடியில், பிள்ளைகள் மனநலப் பிரிவின் முன்னால் பெஞ்சுகள். சுவரில் வரைந்திருந்த யானையின் கண்ணை யாரோ ஒரு குழந்தை சுரண்டிக்கொண்டிருந்தது. குமரகுரு தூத்துக்குடி ஆபீசிலிருந்து போன் பண்ணினான். "என்னாச்சு, அழுதாளா?"

"அழல."

"அழலையா? நெசமாவா? பேசாம வந்துட்டாளா?"

"ம்."

"அப்பாடா," என்றான். "அப்ப மாத்திரை வேண்டாம்னு சொல்லிருவாங்கல்லா. நான் சொன்னேன்லா, நீதான் ரொம்பப் பயந்தே." அவன் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. வடிவு போனை வைத்தாள். அப்போதுதான் அந்த வழி கண்ணில் பட்டது, எவ்வளவு அகலமாக, வெளிச்சமாக. சரியாகிவிட்டது என்று சொன்னால் போதும். நீங்கள் சொன்னபடி நின்றேன் டாக்டர், விட்டுவிட்டாள். எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், பள்ளிக்கூடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், மாத்திரை இல்லை, இந்தக் கையைப் பற்றி யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதில் பொய்கூட இல்லை, போன தடவை மாதிரியே எல்லாம் உண்மை. பிள்ளைக்கு மாத்திரை தப்பிவிடும். பிறகு சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். கை இருக்கும். இப்போதே இருக்கிறது, மடியில், ஒன்றின் மேல் ஒன்றாக, அடியில் இருப்பது மேலே இருப்பதை நெம்பிக்கொண்டு. வாசலில் தொடாமல் வந்ததிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் காற்று. காற்றில் நெற்றி ஆறியிருக்கும். காலையில் பிள்ளை இட்லியைப் பாதியில் வைத்தாள், ஏன் வைத்தாள்? கண் கொஞ்சம் சிவந்திருக்கிறதா? ஒரே ஒரு தடவை தொட்டால் தீர்ந்தது. டாக்டர் தொடாதீர்கள் என்று சொன்னது வாசலில்தான், இங்கே வாசல் இல்லை. இந்த வாதத்தை இவ்வளவு நேர்த்தியாகச் செய்வது யார் என்று வடிவு உள்ளே திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை, அவள்தான் இருந்தாள். மூச்சு நின்றிருந்தது.

அப்போது கோமதி கொட்டாவி விட்டாள். பெரிய கொட்டாவி, வாயில் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் அதிகமாகவே. பிறகு தூக்கம் வந்தவள் மாதிரி நகர்ந்து, அம்மாவின் ரவிக்கைக்குக் கீழே தெரிந்த கைச்சதையில் நெற்றியைச் சாய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் திருப்பிக் கழுத்தை அதே இடத்தில் வைத்தாள். வடிவு அசையாமல் இருந்தாள். பிள்ளையின் கண் மூடியிருந்தது, இமை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, தூங்காத இமை. கை தொடக் கூடாது என்றால் கையைத் தொட வைக்காமல் காட்ட வேண்டும். நிறம் வேண்டாம் என்றால் வடிவம், வடிவமும் வேண்டாம் என்றால் அழுக்கு. ஒரு அட்டைகூடத் தவறவில்லை. நெற்றி சுடவில்லை. கழுத்து சுடவில்லை. வடிவின் மார்பு, அவள் கேட்காமலேயே, இறங்கியது. மூச்சு நீளமாக வெளியே போயிற்று, அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. கோமதி உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, சுவர் யானையைச் சுரண்டுகிற குழந்தையை, "ஏ, கண்ணை நோண்டாத, அதுக்கு வலிக்கும்," என்று அதட்டினாள். வடிவுக்கு அந்த வராந்தா முழுவதும் சத்தம் வடிந்துபோய்விட்டது. இப்படித்தான் என்றால், இது தொடங்கி ஒரு வருஷம் மட்டும் இல்லை. இப்படித்தான் என்றால், தூக்கத்தில் புரண்டு மேலே கால் போடுவது, சாப்பிடும்போது முழங்காலில் பாதத்தைத் தூக்கி வைப்பது, குளிப்பாட்டும்போது வயிற்றை எக்காமல் தள்ளிக்கொண்டு நிற்பது, எது பிள்ளையின் பிள்ளைத்தனம், எது வேலை? பிள்ளைக்கென்று எது மிச்சம் இருக்கிறது? இனி ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், எந்தப் பக்கம் எதை வைப்பது என்று சொல்ல யாரும் இல்லாமல்.

"கோமதி," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

டாக்டர் நாச்சியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். "வாங்க வாங்க. என்ன, இன்னைக்குக் கோமதி மேடம் என்ன பண்ணாங்க? ரொம்பக் கத்துனாங்களா?"

"இல்ல டாக்டர். அழவே இல்ல."

"பாத்தீங்களா. நான் சொன்னேன்லா, நீங்கதான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னீங்க." மருந்துச் சீட்டுக் கட்டை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தார், அது பாதியில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை ஆட்டிக்கொண்டே, "பிள்ளைய இந்தப் பக்கம் ஸ்டூல்ல உக்கார வைங்க, என்ன செய்யலாம்னு பேசிப் பாப்போம்," என்றார். கோமதி அதற்குள் மூலையில் இருந்த எடை பார்க்கிற கருவியில் ஏறி நின்று, முள் ஆடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இழுப்பறை ஒரு சத்தத்தோடு திறந்தது. வடிவு தண்ணீர் பாட்டிலையும் கைப்பையையும் பெற்றோருக்குப் போட்டிருந்த நாற்காலியில் வைத்துவிட்டு, மேசையைச் சுற்றிப் போய், பிள்ளைக்குக் காட்டிய ஸ்டூலில் தானே உட்கார்ந்தாள்.